ஐரிஷ் வேர்களைத் தேடுவது எப்படி? டிக்கெட் போடும் முன் கையில் இருக்க வேண்டிய ஓர் ஊர்ப்பெயர்

புதிதாக ஒருவரைச் சந்தித்தால் நாம் கேட்கிற இரண்டாவது கேள்வி, "சொந்த ஊர் எது?" சென்னை என்று பதில் வந்தாலும் விடமாட்டோம். "அது சரி, பூர்வீகம்?" என்போம். அயர்லாந்தில் முன்னோரைத் தேடப் புறப்படுகிறவருக்கும் முதலில் வரும் கேள்வி இதுதான். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது. மர்ஃபி, கெல்லி, ஓ'பிரையன் என்ற பெயர்கள் அங்கே நம்ம ஊர் முருகன், செல்வம் மாதிரி.

எந்த மாவட்டம் என்பது தெரிந்தாலும் போதாது. எந்த ஊர், அதற்குள் எந்தச் சிற்றூர் என்பது வரைக்கும் தெரிய வேண்டும். அது கிடைத்துவிட்டால், உங்கள் முன்னோர் குடியிருந்த வீடு எந்த வயலில் நின்றது என்பதைக்கூட வரைபடத்தில் காட்ட முடியும். கிடைக்காவிட்டால், லட்சக்கணக்கில் செலவழித்துப் போய் பச்சை மலைகளை போட்டோ எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

என்ன செய்யணும், எந்த வரிசையில் செய்யணும்? பார்க்கலாம்.

இந்தியாவில் இது யாருக்கு?

ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தில் பிறந்தவரா நீங்கள்? அல்லது உங்கள் நண்பர், வாழ்க்கைத்துணை அப்படியொரு குடும்பத்தைச் சேர்ந்தவரா? "எங்க தாத்தாவோட தாத்தா ஐரிஷ்காரர்" என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தால் அதை லேசாக ஒதுக்க வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டிஷ் ராணுவச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் இருவர் ஐரிஷ்காரர்கள். கிழக்கிந்திய கம்பெனியின் ஐரோப்பியப் படைகளிலும் அவர்கள் ஏராளம். அயர்லாந்தில் வறுமை, ராணுவத்தில் சம்பளம். கணக்கு அவ்வளவுதான்.

சென்னைக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பிய ரெஜிமெண்ட், பின்னாளில் ராயல் மெட்ராஸ் ஃபுசிலியர்ஸ் ஆனது. 1881-இல் நடந்த ராணுவச் சீரமைப்பில் அதுவே ராயல் டப்ளின் ஃபுசிலியர்ஸ் படையின் முதல் பட்டாலியனாக மாறியது. டப்ளின் நகரின் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்கா வாசலில் 1907-இல் எழுப்பப்பட்ட ஒரு வளைவு நிற்கிறது. போயர் போரில் இறந்த அந்தப் படையினரின் நினைவுச் சின்னம் அது. அவர்களுடைய படையின் பழைய வீடு மெட்ராஸ் என்பது அதைக் கடந்து போகிற பலருக்குத் தெரியாது.

தேடல் ஏன் இவ்வளவு கஷ்டம்?

1922 ஜூன் 30. அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் தொடங்கி இரண்டு நாள். டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் பெரிய வெடிப்பு. அந்த வளாகத்திலேயே இருந்த பொது ஆவண அலுவலகம் தீக்கிரையானது. சுமார் ஏழு நூற்றாண்டு ஆவணங்கள். எரிந்த காகிதத் துண்டுகள் நகரம் முழுக்கப் பறந்து விழுந்தன.

இதோடு போனவை: 1821, 1831, 1841, 1851 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களில் பெரும்பகுதி, உயில்கள், அரசு சார்ந்த திருச்சபையாக இருந்த சர்ச் ஆஃப் அயர்லாந்தின் பதிவேடுகளில் பாதிக்கு மேல்.

பொதுவாகச் சொல்லப்படும் கதை இத்தோடு முடிந்துவிடும். ஆனால் மொத்தப் பழியையும் தீயின் மேல் போட முடியாது. 1861, 1871 கணக்கெடுப்புப் படிவங்களை, புள்ளிவிவரம் எடுத்து முடித்ததும் அரசே அழித்துவிட்டது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. மொத்த எண்ணிக்கை அச்சில் இருக்கிறதே, தனித்தனிப் படிவம் எதற்கு என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். டேட்டாவோடு வேலை செய்கிற எவருக்கும் வயிற்றைக் கலக்கும் முடிவு இது.

இழப்பு ஏன் பெரிது என்பதற்கு இரண்டே எண்கள். 1841 கணக்கெடுப்பில் தீவின் மக்கள்தொகை சுமார் 81.7 லட்சம். 1851-இல் சுமார் 65.5 லட்சம். இடையில் வந்தது 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம். சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதே அளவு பேர் கப்பலேறினார்கள். அந்தக் குடும்பங்களின் பெயர் எழுதிய தாள்கள்தான் எரிந்தவற்றில் முக்கியமானவை.

அப்படியென்றால் என்ன மிஞ்சியது?

நினைப்பதைவிட நிறைய.

கத்தோலிக்க ஆலயப் பதிவேடுகள்: இவை டப்ளினுக்கு அனுப்பப்படவே இல்லை, அந்தந்த ஆலயங்களிலேயே இருந்ததால் தப்பின. அயர்லாந்து தேசிய நூலகம், 1,000-க்கும் மேற்பட்ட பங்குகளின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளை, பெரும்பாலும் 1880 வரையிலானவற்றை, 2015-இல் இணையத்தில் ஏற்றியது. இலவசம்.

பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள்: கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்கள் 1845 ஏப்ரல் முதலும், மற்ற எல்லாம் 1864 ஜனவரி முதலும் அரசுப் பதிவில் உள்ளன. 100 ஆண்டு கடந்த பிறப்பு, 75 ஆண்டு கடந்த திருமணம், 50 ஆண்டு கடந்த இறப்புப் பதிவுகளின் படங்களை 'ஐரிஷ் ஜீனியாலஜி டாட் ஐஇ' என்ற அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

1901, 1911 கணக்கெடுப்புகள்: முழுமையாக மிஞ்சிய மிகப் பழைய கணக்கெடுப்புகள் இவை. தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் குடும்பத் தலைவர் கைப்பட நிரப்பிய படிவமே தெரியும். 1911 படிவத்தில், திருமணமான பெண்களிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு: உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை? இரண்டு கட்டங்களில் இரண்டு எண்கள். 9, 5 என்று எழுதியிருந்தால் ஒரு குடும்பத்தின் முழுக் கதையும் அதில் இருக்கிறது.

கிரிஃபித் மதிப்பீடு: சொத்துவரி விதிப்பதற்காக 1847 முதல் 1864 வரை தீவு முழுக்க எடுக்கப்பட்ட நில, வீட்டுக் கணக்கு. ரிச்சர்ட் கிரிஃபித் என்பவர் தலைமையில் நடந்தது. பஞ்சத்துக்குப் பிறகு யார் எந்த நிலத்தில் குடியிருந்தார்கள் என்பதற்கு இதுதான் முதன்மை ஆதாரம். வரைபடத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: இதில் வீட்டை வைத்திருந்தவரின் பெயர் மட்டுமே இருக்கும். மனைவி, பிள்ளைகள் பெயர் இருக்காது.

இன்னொரு சுவாரஸ்யமான மிச்சமும் உண்டு. 1909 ஜனவரியில் 70 வயதைக் கடந்தவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் வந்தது. 1864-க்கு முன் பிறந்த கத்தோலிக்கருக்கு ஏது பர்த் சர்டிபிகேட்? ஆகவே 1841, 1851 கணக்கெடுப்பில் தங்கள் குடும்பம் இருக்கிறதா என்று தேடித்தரச் சொல்லி விண்ணப்பித்தார்கள். ஊழியர்கள் பார்த்து எழுதிய குறிப்புகள் தனியே இருந்ததால் பிழைத்தன. மூலம் சாம்பல், நகல் ஓய்வூதியக் கோப்பில்.

டிரினிட்டி கல்லூரி முன்னின்று நடத்தும் 'வெர்ச்சுவல் ரெக்கார்ட் ட்ரெஷரி' 2022-இல் திறக்கப்பட்டது. எரிந்தவற்றின் நகல்களை உலகெங்கும் உள்ள நூலகங்களில் தேடிச் சேர்க்கும் திட்டம் அது. கணக்கு தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

'டவுன்லேண்ட்' என்றால் என்ன?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொள்வதென்றால், அது இதுதான். பெயரில் 'டவுன்' இருந்தாலும் நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவு இது. தீவில் 32 கவுண்டிகள், அவற்றுக்குள் பங்குகள், அவற்றுக்குள் சுமார் 61,000 டவுன்லேண்டுகள். தீவின் பரப்பை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள்: சராசரியாக ஒன்றுக்கு 1.4 சதுர கிலோமீட்டர்கூட வராது. நம்ம ஊர் குக்கிராமம் அளவு.

கிராமப்புற அயர்லாந்தில் முகவரி என்பதே நெடுங்காலம் டவுன்லேண்ட் பெயர்தான். கணக்கெடுப்பு, நிலவரி, பிறப்புப் பதிவு எல்லாம் அதன் அடிப்படையில்தான் எழுதப்பட்டன. ஆகவே ஒரு ஆவணத்திலிருந்து அடுத்ததற்குத் தாவ உதவும் பாலம் அது. டேட்டாபேஸ் மொழியில் சொன்னால், எல்லா டேபிளையும் இணைக்கிற கீ.

பெயர்களும் நமக்குப் பழகிய மாதிரியே இருக்கும். 'பாலி' என்று தொடங்கினால் ஐரிஷ் மொழியில் ஊர் அல்லது குடியிருப்பு, 'கில்' பெரும்பாலும் தேவாலயம், 'நாக்' குன்று, 'டெர்ரி' ஓக் மரத்தோப்பு. பட்டி, குடி, குன்றம், தோப்பு என்று நாம் பெயர் வைப்பது போலத்தான். சிக்கல் என்னவென்றால், நம்மூர் புதுப்பட்டி மாதிரி ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும். 'லோகைன்ம் டாட் ஐஇ' என்ற ஊர்ப்பெயர்த் தளத்தில் அடித்தால் அந்தப் பெயரில் எத்தனை, எந்தெந்த கவுண்டியில் என்று பட்டியல் வந்துவிடும்.

தேடலை எங்கே தொடங்கணும்?

அயர்லாந்தில் அல்ல, வீட்டில். இந்திய ஆவணங்களில் உங்கள் முன்னோரின் ஊர்ப்பெயர் கிடைக்கும் வரை ஐரிஷ் தளங்களைத் திறக்காதீர்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் 400 ஜான் கெல்லிகள் வருவார்கள். அதில் ஒருவரை ஆசைப்பட்டுத் தத்தெடுத்துவிடும் ஆபத்து நிஜம்.

முதல் படி, வீட்டுப் பெரியவர்கள். பைபிளின் முதல் பக்கக் குறிப்பு, ஞானஸ்நானச் சான்று, ரயில்வே அல்லது தந்தித்துறைப் பணிச் சான்று, கல்லறைப் படம், ராணுவப் பதக்கம். பதக்கத்தின் விளிம்பில் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கலாம். அது ஒன்றே பாதிக் கதவைத் திறந்துவிடும்.

இரண்டாம் படி, லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். இந்தியாவில் நடந்த ஐரோப்பியரின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் மாகாணவாரியாக அங்கே போயின. மெட்ராஸ் மாகாணத்தின் வரிசை எண் 'என்/2'. 1698 முதல் தொடங்குகிறது. இவற்றின் படங்கள் 'ஃபைண்ட்மைபாஸ்ட்' என்ற கட்டணத் தளத்தில் உள்ளன. 'ஃபிபிஸ்' எனப்படும் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் சங்கம் இலவசத் தேடல் வசதி தருகிறது. ஆரம்ப காலத்துக் கத்தோலிக்கர்கள் பலர் இந்த வரிசையில் விடுபட்டிருப்பார்கள். அப்போது உள்ளூர் மறைமாவட்டப் பதிவேட்டைத்தான் நாட வேண்டும்.

மூன்றாம் படி, சிப்பாயின் பணிப் பதிவு. பிரிட்டிஷ் ராணுவத்தில் ஓய்வூதியத்தோடு விலகியவர்களின் கோப்புகள் லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூஓ 97' என்ற வரிசையில் உள்ளன. ஆளின் உயரம், கண் நிறம், முன்பு செய்த தொழில் ஆகியவற்றோடு, பிறந்த பங்கு, அருகிலுள்ள நகரம், கவுண்டி எல்லாம் எழுதியிருப்பார்கள். கம்பெனிப் படையில் சேர்ந்தவர் என்றால் இந்தியா ஆபீஸின் ஆள்சேர்ப்புப் பதிவேடுகளைப் பாருங்கள். நாம் தேடும் ஊர்ப்பெயர் பெரும்பாலும் இந்தப் படியில்தான் அகப்படும்.

ஊர் கிடைத்தாச்சு. அடுத்து?

இப்போது ஐரிஷ் ஆவணங்களுக்குப் போகலாம். பின்னாலிருந்து முன்னால் போக வேண்டும்: 1911, பிறகு 1901, பிறகு பிறப்பு-திருமணப் பதிவுகள், பிறகு கிரிஃபித், கடைசியாக ஆலயப் பதிவேடு. உங்கள் முன்னோர் 1840-லேயே இந்தியா வந்திருந்தாலும் 1901-ஐப் பார்ப்பது வீண் அல்ல. ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பியின் பேரப்பிள்ளைகள் அதே நிலத்தில் இருந்திருக்கலாம்.

வழியில் சில பொறிகள் உண்டு.

பெயரெழுத்து: 'ஓ' என்றால் பேரன் அல்லது வழித்தோன்றல், 'மக்' என்றால் மகன். ஆங்கில ஆட்சிக் காலத்தில் பலர் இந்த முன்னொட்டுகளை விட்டுவிட்டார்கள். பிறகு சிலர் மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே சல்லிவன், ஓ'சல்லிவன் இரண்டையும் தேடுங்கள். பாதிரியார்கள் லத்தீனில் எழுதியிருந்தால் ஜேம்ஸ் 'யாக்கோபுஸ்' ஆகியிருப்பார். வில்லியம் 'குலியெல்முஸ்' ஆகியிருப்பார்.

வயது: 1901-இல் 56 என்று எழுதியவர் 1911-இல் 71 ஆகியிருப்பார். ஓய்வூதியத்துக்கு 70 ஆக வேண்டுமே! பலருக்குப் பிறந்த ஆண்டே சரியாகத் தெரியாது என்பதும் உண்மை. வயதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேதி: ஒரு குழந்தையின் ஞானஸ்நானம் பிறப்புக்கு முன்பே நடந்ததாக ஆவணம் சொன்னால் பதற வேண்டாம். தாமதமாகப் பதிவுசெய்தால் அபராதம் என்பதால், பிறந்த தேதியைத் தள்ளிச் சொன்ன பெற்றோர் உண்டு. அந்த இடத்தில் ஆலயத் தேதியை நம்புங்கள்.

ஒரு சாதகமும் இருக்கிறது. பல ஐரிஷ் குடும்பங்களில் மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாம் மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். தாத்தாவின் பெயரைச் சுமப்பவன் என்பதால்தான் நாமும் 'பெயரன்' என்றோம். அதுதான் பேரன் ஆனது. பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் கையில் இருந்தால், பதிவு இல்லாத தாத்தா-பாட்டியின் பெயரை ஊகிக்கலாம். ஊகம்தான், ஆதாரம் அல்ல. ஆனால் இரண்டு ஜான் கெல்லிகளில் யார் உங்களவர் என்று முடிவு செய்ய உதவும்.

இரண்டு உதாரணங்கள்

முதலாமவரை நமக்கு நன்றாகத் தெரியும். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய ராபர்ட் கால்டுவெல். நெல்லைச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்தவர். அவர் 1814 மே 7 அன்று அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கவுண்டியில் கிளாடி என்ற ஊரில் பிறந்தார். அவரை உங்கள் முன்னோராகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கிளாடி என்று தேடினால் டைரோன் கவுண்டியில் ஒன்று, லண்டன்டெர்ரி கவுண்டியில் ஒன்று என்று வேறு ஊர்களும் வரும். 1814 என்றால் அரசுப் பிறப்புப் பதிவு கிடையாது. பெற்றோர் பிரெஸ்பிட்டேரியன் சபையினர் என்பதால் கத்தோலிக்கப் பதிவேட்டில் தேடுவது வீண். ஆன்ட்ரிம் இன்று பிரிட்டனின் வட அயர்லாந்தில் இருப்பதால் நீங்கள் போக வேண்டியது டப்ளின் அல்ல. 'ப்ரோனி' எனப்படும் பெல்ஃபாஸ்ட் பொது ஆவணக் காப்பகம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் பெற்றோர் ஸ்காட்லாந்து வழியினர். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் கிளாஸ்கோவுக்குப் போய்விட்டது. அயர்லாந்தில் பிறந்தவர் என்ற ஒற்றை வரிக்குள் இவ்வளவு கிளைகள்.

இரண்டாமவர், பராக் ஒபாமா. அவர் தாய்வழி முன்னோரில் ஒருவரான ஃபால்மத் கர்னி, செருப்புத் தைப்பவரின் மகன். ஆஃபலி கவுண்டியின் மனிகால் என்ற சிற்றூரிலிருந்து 1850-இல் அமெரிக்கா போனவர். அந்தத் தொடர்பு உறுதியானது உள்ளூர் சர்ச் ஆஃப் அயர்லாந்து ஆலயத்தின் பழைய பதிவேடுகளால்தான். பாதிக்கு மேல் எரிந்துபோன வரிசையில் மிஞ்சிய ஒன்று அது. 2011 மே 23 அன்று ஒபாமா மனிகாலுக்கு வந்தார். உலகின் சக்திவாய்ந்த பதவியில் இருந்தவரைத் தன் பூர்வீக ஊருக்குக் கொண்டுவந்தது ஒரு கிராமத்து ஆலயத்துப் பதிவேடு.

டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தால் போதாதா?

போதாது. '23 சதவீதம் ஐரிஷ்' என்ற வரைபடம் ஸ்டேட்டஸ் போட நன்றாக இருக்கும், ஊர்ப்பெயரைச் சொல்லாது. நிறுவனத்துக்கு நிறுவனம் அந்தச் சதவீதமும் மாறும். டிஎன்ஏ-வில் உண்மையில் பயன்படுவது உறவுப் பொருத்தப் பட்டியல். உங்களோடு மரபணு பகிரும் ஒருவர் மேயோ கவுண்டியில் தன் குடும்ப மரத்தை ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தால், அவர் கொள்ளுப்பாட்டியின் ஊர் உங்களுடையதாகவும் இருக்கலாம். ஆறேழு தலைமுறை கடந்தால் ஒரு முன்னோரின் தடம் மரபணுவில் சுத்தமாக இல்லாமலும் போகலாம். எனவே ஆவணம் முதலில், எச்சில் குப்பி பிறகு. உங்கள் மரபணுத் தகவல் உங்களுடையது மட்டும் அல்ல, உங்கள் உடன்பிறந்தவர்களுடையதும்தான் என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.

ஐரிஷ் பாஸ்போர்ட் கிடைக்குமா?

இணையத்தில் அதிகம் குழப்பப்படும் கேள்வி இது. தாத்தா அல்லது பாட்டி அயர்லாந்து தீவில் பிறந்த ஐரிஷ் குடிமகனாக இருந்தால், வெளிநாட்டில் பிறந்த நீங்கள் 'வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில்' பெயரைப் பதிந்து குடியுரிமை பெறலாம். வட அயர்லாந்தும் இதில் அடக்கம். பெரியவர்களுக்குக் கட்டணம் 278 யூரோ. மூன்று தலைமுறையின் பிறப்பு, திருமணச் சான்றுகளின் அசல் தேவை.

கொள்ளுத் தாத்தா வரைக்கும் போனால் கதை மாறுகிறது. உங்கள் அப்பா அல்லது அம்மா, நீங்கள் பிறப்பதற்கு முன்பே அந்தப் பதிவேட்டில் இடம்பெற்றிருந்தால் மட்டுமே வாய்ப்பு. இந்தியாவில் ஐரிஷ் முன்னோர் பெரும்பாலும் ஐந்தாறு தலைமுறைக்கு முந்தியவர் என்பதால், பலருக்கு இந்தக் கதவு திறக்காது. ஏஜென்ட் யாராவது வேறு மாதிரிச் சொன்னால் பணம் கட்டும் முன் இந்த விதியைக் காட்டுங்கள்.

இன்னொன்று: இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. விருப்பப்பட்டு வேறு நாட்டின் குடியுரிமை பெற்றால் 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவின்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். வேர் தேடுவது வேறு, நாடு மாறுவது வேறு.

பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

விசா முதலில். அயர்லாந்து ஷெங்கன் நாடு அல்ல. ஷெங்கன் விசாவோடு டப்ளினில் இறங்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி ஐரிஷ் விசா வேண்டும். ஒருமுறை நுழைவுக்கு 60 யூரோ, பலமுறைக்கு 100 யூரோ. உங்கள் ஊர் வட அயர்லாந்தில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. எல்லையில் செக்போஸ்ட் இல்லை. பஸ் நிற்காமல் போய்விடும். ஆனால் சட்டப்படி நீங்கள் பிரிட்டனுக்குள் நுழைகிறீர்கள். பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டத்தில் இந்தியர்களும் உண்டு. விசாவில் அதற்கான குறிப்பு இருந்தால் ஒரே விசாவில் இரண்டு நாட்டுக்கும் போகலாம். எந்த நாடு விசா தந்ததோ அங்கே முதலில் இறங்க வேண்டும். கையில் விசா வந்ததும் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்பது நாள் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம். முதல் மூன்று வேலைநாட்கள் டப்ளின்: தேசிய நூலகத்தில் இலவச வம்சாவளி ஆலோசனை கிடைக்கும், பிஷப் வீதியில் தேசிய ஆவணக் காப்பகம். இணையத்தில் ஏறாத ஆவணங்களுக்கு மட்டும் இந்த நாட்களைச் செலவிடுங்கள். வாசகர் அட்டைக்குப் புகைப்பட அடையாளமும் முகவரிச் சான்றும் எடுத்துப் போங்கள். மாலையில் 'எபிக்' குடியேற்ற அருங்காட்சியகம். மே, ஜூன், ஆகஸ்ட் மாதங்களின் முதல் திங்கள் அங்கே பொது விடுமுறை என்பதைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நான்கு நாள், வார இறுதி உட்பட, உங்கள் ஊர். ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நிற்கும் பெரியவர்களைவிடச் சிறந்த தேடுபொறி இல்லை. ஒரு மாதம் முன்பே பங்கு அலுவலகத்துக்கு மெயில் எழுதிவிடுங்கள்: முன்னோர் பெயர், ஆண்டு, டவுன்லேண்ட், உங்கள் கேள்வி. நான்கு வரி போதும். முழுக் குடும்ப வரலாறு வேண்டாம்.

டவுன்லேண்டுகளுக்குப் பஸ் போகாது. கார் தேவைப்படும். அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுவார்கள். குறுகிய காலப் பயணிகள் தங்கள் நாட்டு லைசென்ஸிலேயே ஓட்டலாம். வாடகை நிறுவனத்தின் நிபந்தனையை மட்டும் முன்கூட்டியே கேளுங்கள். மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஜூன் மத்தியில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். மழைக்கோட்டு எந்த மாதமும் வேண்டும்.

கிரிஃபித் பட்டியலில் உங்கள் முன்னோர் பெயருக்கு எதிரே ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். எண், வரைபடத்தில் நிலத்தைக் காட்டும். எழுத்து, அதில் வீட்டைக் காட்டும். அந்தப் பக்கத்தையும் வரைபடத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடங்கள் உண்டு. நிலம் இன்று யாருக்கோ சொந்தம். அயர்லாந்தில் தனியார் வயலுக்குள் நினைத்தபடி நடக்கும் உரிமை கிடையாது. பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுப் போங்கள். திறந்த கேட்டை மூடிவிட்டு வாருங்கள். உள்ளே மாடு நிற்கும்.

மிச்ச இரண்டு நாளில் பொதுக் கதையைப் பாருங்கள். ரோஸ்காமன் கவுண்டியின் ஸ்ட்ரோக்ஸ்டவுனில் தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் இருக்கிறது. தெற்கே கோவ் துறைமுகம். லட்சக்கணக்கானோர் கடைசியாக அயர்லாந்தைப் பார்த்த இடம். 1892-இல் நியூயார்க்கின் எல்லிஸ் தீவு திறந்த நாளில் முதலாவதாகப் பதியப்பட்ட கார்க் சிறுமி ஆனி மூருக்கு அங்கே சிலை உண்டு.

ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால்?

அதற்கும் மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஏழைகளின் கல்லறைக்குக் கல் வைக்கக் காசு இருந்திருக்காது. வீடு இருந்த இடத்தில் புல் மட்டும் இருக்கலாம். மேயோ கவுண்டியின் அக்கில் தீவில், ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில் கூரையில்லாத கல்வீடுகள் வரிசையாக நிற்கின்றன; ஒரு கிராமமே கைவிடப்பட்ட இடம். ஆனால் எந்த வயல் என்று தெரிந்து ஒரு வயலில் நிற்பதும், ஏதோ ஒரு வயலில் நிற்பதும் ஒன்றல்ல.

ஆகவே ஃபிளைட் விலை பார்ப்பதை நிறுத்திவிட்டு, இந்த வார இறுதியில் குடும்பத்தின் மூத்தவருக்கு ஒரு போன் போடுங்கள். ஐந்து கேள்விகள்: அவருக்குத் தெரிந்த மிகப் பழைய பெயர் எது? எந்தப் படை அல்லது எந்தத் துறை? எந்த ஆலயத்தில் திருமணம்? எங்கே அடக்கம்? ஊர்ப்பெயர் ஏதாவது காதில் விழுந்திருக்கிறதா? பேச்சை அனுமதியோடு ரெக்கார்டு செய்யுங்கள். ஊர்ப்பெயரை அவர் தப்பாக உச்சரித்தாலும் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். 61,000 பெயர்களில் அதற்கு நெருக்கமானது எது என்று பிறகு தேடிக்கொள்ளலாம்.